தோளில் ஏறிய பெல்ட்

செங்கல்பட்டு
20-1-2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை சகுந்தலா வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். சரோஜா அண்ணிக்கு இருமல் நின்றதா? பொங்கலுக்கு நீ வருவாய் என்று வாசலில் கோலத்தைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன். நீ வரவில்லை, உன் முதலாளியின் படம்தான் வந்தது.

நான் கொட்டகைப் பக்கம் போவதில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் பால் ஊற்றப் போகிற வீடெல்லாம் இதே பேச்சு. வஜ்ரவேல் இந்தப் படத்தில் பெல்ட் கட்டவில்லையாம். முழங்கால் வரைக்கும் கறுப்புக் கோட்டாம், கைக்கு உறையாம், தலையில் புது முடியாம். ரசிகர் மன்றத் தலைவர் பன்னீர்செல்வம் முதல் காட்சியில் பாதியிலேயே எழுந்து வந்து, பேனரில் அந்தக் கோட்டின் மேல் சுண்ணாம்பால் பெல்ட் வரைந்தானாம். ராட்டினங்கிணறு டீக்கடையில் ஒருவன் சொல்கிறான்: "இன்னாபா நம்மாளு, கல்யாண பேண்டு வாத்தியக்காரன் கணக்கா வந்துகினு கீறாரு." இவர்களுக்கெல்லாம் கோபம் பொழுதுபோக்கு. எனக்கு அப்படியா?

தொண்ணூற்று மூன்று தீபாவளிக்கு முந்தின நாள், அந்த ஆளின் கட்அவுட்டில் இடுப்புக்குச் சிங்கமுகப் பித்தளை பக்கிள் அடிக்கிறேன் என்று ஏறித்தானே என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்தார்? முகத்துக்கு மாலை போட ஏறவில்லை, இடுப்புக்குத்தான் ஏறினார். கருமாதி அன்றைக்குக் காரில் வந்து, போட்டோக்காரர்கள் நடுவில் தன் இடுப்பிலிருந்த பெல்ட்டை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "இனிமே இதே மாதிரி பெல்ட் கட்டாம எந்தப் படத்துலயும் வரமாட்டேம்மா. கட்டும்போதெல்லாம் உன் வூட்டுக்காரர நெனச்சிக்குவேன்" என்று சொன்னாரா இல்லையா? அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நீதானே பக்கத்தில் நின்றாய்?

பதினைந்து வருஷமாக அவருக்கு உடுத்திவிடுகிறவன் நீ. கேட்டு எழுது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணாதே. நான் அழுதால் பூத்துக்காரன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

உன் தங்கை
சகுந்தலா


வடபழனி
2-2-2001

அன்புத் தங்கை சகுந்தலாவுக்கு,

அண்ணன் கண்ணாயிரத்தின் ஆசீர்வாதம். அண்ணிக்கு இருமல் பரவாயில்லை. பொங்கலுக்கு வராதது என் தப்புதான். எங்களுக்கு ஏதம்மா பண்டிகை? அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நான் ஊசி நூலோடு நிற்க வேண்டும்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. மனிதருக்கு ஐம்பத்தேழு வயது ஆகிறது. அந்தக் காலத்தில் முப்பத்திரண்டு இஞ்ச் இருந்த இடுப்பு இப்போது நாற்பத்திரண்டு. இது உன் வயிற்றோடு இருக்கட்டும், பன்னீர்செல்வத்தின் காதில் விழுந்தால் என் பிழைப்பு போச்சு. பெல்ட்டைக் கட்டினால் தொப்பை அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் பம்பாயிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து அந்தக் கோட்டைத் தைத்தார்கள். கோட்டுக்கு அடியில் நாடா கோத்த இடுப்புக் கட்டு ஒன்று உண்டு. மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார், நான் முழங்காலை அவர் முதுகில் கொடுத்து இழுத்து, பின்னால் முடிச்சுப் போடுவேன். அந்த முடிச்சைப் போட என்னைத் தவிர யாரையும் மேக்கப் வேனுக்குள் விடமாட்டார்.

ரசிகர்கள் அவரைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. தினமும் பார்சலில் பழைய பெல்ட்டுகள் திரும்பி வருகின்றன. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒருவன் ஒரு படி கொள்ளு அனுப்பியிருக்கிறான். அவர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

நீ சொன்னபடி கேட்டேன். பக்குவமாகத்தான் கேட்டேன். "சார், அந்த பெல்ட் விஷயமா என் தங்கச்சி கேக்குது" என்றேன். "அது செங்கல்பட்டா, காஞ்சிபுரமா?" என்றார். அவருக்கு எத்தனை ஊர், எத்தனை துக்கம். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
கண்ணாயிரம்


செங்கல்பட்டு
12-2-2001

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாய். வேறு எங்கே வைப்பது?

செங்கல்பட்டா காஞ்சிபுரமா என்று கேட்டாராமே. கடையில் எந்த ஊர்ப் புடவை என்று கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார், நீயும் அதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுதியிருக்கிறாய். உன்னைச் சொல்லி என்ன, நீ அந்த வீட்டு உப்பைத் தின்கிறாய். ஆனால் ஒன்று, உன் மாப்பிள்ளைக்கு முதல் நாள் பாஸ் கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்து அந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவனும் நீதான்.

நேற்று பன்னீர்செல்வம் நாலு பேரோடு வந்தான். தலைவர் கையால் கொடுத்த பெல்ட்டை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம், கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமாம். பத்திரமாக இருக்கிறது, அதற்கேற்ற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கும் அதுதான் பதில்.

ஒருநாள் அந்த ஆள் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் சாவேன். கட்அவுட்டில் பால் ஊற்றுவதற்கு இனிமேல் என் எருமைப் பால் கிடையாது என்று மன்றத்தாரிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு ஆடாதொடை இலை காயவைத்து அனுப்பியிருக்கிறேன்.

சகுந்தலா


வடபழனி
2-6-2002

அன்புத் தங்கைக்கு,

ஒரு வருஷத்துக்கு மேலாக நீ எழுதவில்லை. ஆடாதொடை அனுப்பினாய், அதற்கு நான் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபம் ஆறியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கோட்டுப் போட்ட படம் இரண்டும் படுத்துவிட்டன. தயாரிப்பாளர்கள் போன் எடுப்பதில்லை. இப்போது புதுப்படம் ஒன்று, மாமல்லபுரத்தில் பூஜை. ரசிகர்கள் கேட்டபடி பெல்ட்டைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று பேப்பரில் போட்டாகிவிட்டது. அதிலும் புது பெல்ட் வேண்டாம், அன்றைக்கு ரசிகன் வீட்டில் கொடுத்த அதே பெல்ட்டை மேடையில் வாங்கிக் கட்டிக்கொண்டால் ஜனம் உருகிவிடும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். உன் பேரைக் கூட என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

கொடுத்துவிடம்மா. அதை வைத்துக்கொண்டு நீயும் என்ன செய்யப் போகிறாய்? இந்தப் படமும் போனால் அவர் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். அவர் உட்கார்ந்தால் நானும் உட்கார வேண்டும்.

உன் அண்ணன்
கண்ணாயிரம்


செங்கல்பட்டு
9-6-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

தாராளமாகக் கொடுக்கிறேன். ஆனால் தட்டில் வைத்துக் கொடுக்கமாட்டேன். அத்தனை ஜனம் பார்க்க, மேடையில், நானே என் கையால் அவர் இடுப்பில் கட்டிவிடுவேன். இதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன் என்று சொல்.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான். முப்பத்திரண்டு இஞ்ச் பெல்ட், நாற்பத்திரண்டு இஞ்ச் இடுப்பு. கணக்கை நீதான் எழுதினாய். இரண்டு முனையும் எட்டாமல் நிற்கும்போது அந்த ஆயிரம் முகத்தையும் நான் பார்க்க வேண்டும், அவர் முகத்தையும் பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டு கொள்ளு அனுப்பியவர்கள் இப்போது நேரில் வந்து சிரிக்கட்டும்.

இதைப் போய் அவரிடம் ஓதினாயானால் உனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்.

சகுந்தலா


வடபழனி
15-6-2002

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணி, "நல்லா பெத்தாங்கப்பா உங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் நிபந்தனைக்கு அவர் சம்மதித்துவிட்டார். கண்ணீரே விட்டுவிட்டார், நடிப்பா நிஜமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இத்தனை வருஷத்தில் தெரியவில்லை. நீ எழுதியதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் உன் கணக்கு பலிக்காது. மனிதர் இரண்டு மாதமாகக் கஞ்சியும் கீரையுமாகக் கிடக்கிறார். இடுப்புக் கட்டையும் இழுத்துவிட்டால் முப்பத்தெட்டு வரும். அந்தப் பெல்ட்டைத் தைத்தவன் நான், கடைசி ஓட்டை முப்பத்தெட்டுக்குக் குத்தியிருக்கிறேன். எட்டும். ஆகவே வந்தாய், கட்டினாய், மாலை வாங்கிக்கொண்டு போனாய் என்று இருக்கட்டும். மனதிலுள்ளதை அந்தக் கடலில் போட்டுவிட்டுப் போ.

உன் அண்ணன்
கண்ணாயிரம்


செங்கல்பட்டு
4-7-2002

அண்ணனுக்கு,

நீ வேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மேடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று நானே எழுதுகிறேன்.

கடற்கரை மணலில் தலைகளாகத்தான் தெரிந்தது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைக்கில் சகுந்தலாதேவி என்றார்கள், எனக்கு எப்போது தேவி பட்டம் கொடுத்தார்களோ. அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் பெல்ட்டை முதுகுப் பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்தேன். எட்டவில்லை. மறுபடி இழுத்தேன். அவர் மூச்சை உள்ளே இழுத்ததில் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சாண் இடைவெளி அப்படியே நின்றது. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், "இன்னாம்மா பண்ற?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் பண்ணல. இன்னும் இழுத்தா அறுந்துபூடும்" என்றேன்.

கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. பின்னால் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். பன்னீர்செல்வமே சிரித்தான், என் கண்ணால் பார்த்தேன். அண்ணா, அவர் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.

அதற்குள் அந்த ஆள் என் கையிலிருந்து பெல்ட்டை வெடுக்கென்று பிடுங்கி, இடது தோளில் போட்டு, மார்புக்குக் குறுக்கே இறக்கி, முஷ்டியை உயர்த்தினார். அவ்வளவுதான், கடற்கரையே எழுந்து ஆடியது. சிரித்த அதே வாய்கள் வஜ்ரவேல் வாழ்க என்று கத்தின. பன்னீர்செல்வம் என்னிடம் வந்து சண்டை பிடிக்கிறான்: "இன்னா அண்ணி, எண்ணெ கிண்ணெ போட்டு வெக்கறது இல்லியா? உப்புக் காத்துல தோலு சுருங்கிகினு கீது பாரு." பெருத்தது அவர் இடுப்பு இல்லையாம், சுருங்கியது என் வீட்டுத் தோலாம். இன்றைக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எவன் இடுப்பிலும் பெல்ட் இல்லை. எல்லாம் தோளில் தொங்குகிறது. கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்கிறான்கள்.

அந்த நொடியில் தானாகத் தோன்றுகிற யோசனையா அது? யார் சொல்லிக்கொடுத்தது? உனக்கு என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வேனில் ஒளிந்துகொண்டாயே, அதிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அது அவர் கொடுத்த பெல்ட் இல்லை. அது எட்டிவிடும் என்று நீ எழுதினாயே, அதனால்தான் அதை நான் கொண்டுவரவில்லை. என் வீட்டுக்காரர் விழுந்த அன்று இடுப்பில் கட்டியிருந்தது, சித்திரைத் திருவிழாவில் அதே மாதிரி சிங்கமுகம் பார்த்து வாங்கினது, ஆஸ்பத்திரியில் துணியோடு சுருட்டிக் கொடுத்தார்களே, அதுதான். ஒல்லி உடம்புக்காரர் பெல்ட். அவரைக் கொண்டே இந்த ஆளை அவமானப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன், படுத்திவிட்டு வீட்டுக்கு எடுத்துவந்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன். பிடுங்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். தன் பெல்ட்டா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அது வேண்டும். வாங்கிக் கொடு.

சகுந்தலா


வடபழனி
11-7-2002

தங்கைக்கு,

ஆமாம், சொல்லிக்கொடுத்தவன் நான்தான். உன் திட்டத்தைச் சொல்லவில்லை. "எட்டலன்னா தோள்ல போட்டுக்குங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் எல்லாம் அடக்கம்தான், எனக்கும் தெரியும்.

அன்று வேனுக்கு வந்து அவர் பெல்ட்டைக் கழற்றியபோதே கண்டுகொண்டேன். நான் தைத்ததில் மெழுகு நூல், இதில் இரும்பு ஆணி. மாப்பிள்ளை இடுப்பில் பார்த்த பெல்ட் என்றும் புரிந்துவிட்டது. இருந்தும் அவரிடம் சொல்லவில்லை.

வாங்க முடியாதம்மா. அது ராசியான பெல்ட் என்று முடிவு கட்டிவிட்டார். பூஜை அறையில் வைத்திருக்கிறார், சாவியை யாரிடமும் தருவதில்லை. ஷூட்டிங் அன்று மட்டும் என் கைக்கு வரும். நீ அவர் கொடுத்த உண்மையான பெல்ட்டை அனுப்பு. நேரம் பார்த்து மாற்றி வைத்துவிட்டு மாப்பிள்ளையுடையதை உன்னிடம் சேர்க்கிறேன்.

உன் அண்ணன்
கண்ணாயிரம்


செங்கல்பட்டு
20-7-2002

அண்ணனுக்கு,

உண்மையான பெல்ட்டை அனுப்ப முடியாது. செங்கல்பட்டா காஞ்சிபுரமா என்று நீ எழுதிய அன்றே அதை எடுத்து எருமைக் கன்றின் கழுத்தில் கட்டிவிட்டேன். சாணியிலும் மூத்திரத்திலும் ஊறி, கொஞ்சம் மென்றும் கிடக்கிறது. சிங்கமுகம் மட்டும் நன்றாக மின்னுகிறது.

ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன். நீ மாற்ற வேண்டாம். என் வீட்டுக்காரர் அந்த ஆளின் இடுப்புக்கு ஏறித்தான் செத்தார். இப்போது தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இறக்காதே. போகிற இடமெல்லாம் சுமக்கட்டும், கும்பிடுகிற கூட்டமெல்லாம் தெரியாமலே என் வீட்டுக்காரரைக் கும்பிடட்டும்.

செத்தவன் பேர் என்ன என்று அந்த ஆள் தன் வாயால் ஒரு தடவை கேட்கட்டும், அன்றைக்கு எல்லாவற்றையும் நானே விட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் உன் கடிதம் வேண்டாம். நீ என்னிடமிருந்து அதைப் பிடுங்க வழி சொல்லிக்கொடுத்தவன்.

சகுந்தலா


வடபழனி
3-12-2004

அன்புத் தங்கை சகுந்தலாவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய், இரண்டு வருஷம் எழுதவில்லை. இன்றைக்கு எழுதாமல் முடியாது.

தோள் பெல்ட்டோடு வந்த இரண்டு படமும் ஓடியது உனக்கும் தெரிந்திருக்கும். நேற்று அடுத்த படத்துக்கு மாமல்லபுரத்தில் முதல் நாள். வெளியே நூற்றுக்கணக்கில் ரசிகர்கள், முன்வரிசையில் ஆளுயர மாலையோடு உன் பன்னீர்செல்வம். வேனுக்குள் அவரும், அந்தப் பம்பாய்ப் பெண்ணும், நானும். தோள் பெல்ட் பழசாகிவிட்டது, இனி மணிக்கட்டுப் பட்டைதான் என்று அவள் சொன்னாள். அவரும் தலையாட்டினார். "ராசியும் வோணும். இந்த பெல்ட்டையே வெட்டிக் கையில கட்டு, மிச்சத்த பைக் ஹேண்டில்ல சுத்திடு" என்று என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

நான் அப்போது இடுப்புக் கட்டின் நாடாவைப் பாதி இழுத்துப் பிடித்திருந்தேன். என்ன வந்ததோ தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. "இது உங்க பெல்ட்டு இல்ல சார். செங்கல்பட்டு ஜெயக்குமாரோடது" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "யாருய்யா அது?" என்றார்.

நீ கேட்டபடி அவர் கேட்டுவிட்டார் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் கேட்ட விதத்தை நான் பார்த்தேன். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நாடாவை விட்டுவிட்டேன். கட்டு அவிழ்ந்து வயிறு முன்னால் வந்து விழுந்தது. "கண்ணாயிரம், முடிச்சு" என்றார். பெல்ட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். "கண்ணாயிரம்" என்று மறுபடியும் கூப்பிட்டார். இறங்கிவிட்டேன். பன்னீர்செல்வம் ஓடிவந்து, "இன்னா அண்ணாத்த, தலைவர் ரெடியா?" என்று கேட்டான். "நீயே போய்ப் பாரு" என்றேன். எல்லாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு வேன் பக்கம் ஓடினார்கள்.

கதவை நான் சாத்திவிட்டு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அண்ணியோடு வருகிறேன். மாப்பிள்ளையின் பெல்ட்டில் ஒரு கீறல் இல்லை, எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தேன். உன் கன்று இதற்குள் எருமையாகியிருக்கும். அதன் கழுத்தில் இருப்பதை அவிழ்த்துவிடாதே, கடைசி ஓட்டையிலாவது எட்டுகிறதா என்று நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன் அண்ணன்
கண்ணாயிரம்